அண்ணன் மிதிக்க நான் தைத்த திரை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் என் குரலை அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நான் உள் அறைக்குப் போய்விடுவேன். உங்களோடு உட்கார்ந்து பேசுவது அண்ணனின் வேலையாக இருந்தது. என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். "தங்கச்சி உங்கள விசாரிச்சிது" என்பார். நான் விசாரித்திருக்கவே மாட்டேன். உள்ளே இருந்தபடி, விசாரித்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது அண்ணியும் அண்ணன் மகள் தேவியும் என்னைக் கைகாட்டினார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் தென்னேரியில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு அங்கே சொந்த நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று மற்றவர் கழனியில் கூலிக்குப் போனார்கள். ஏரி நிரம்பினால் வேலை இருக்கும். நிரம்பாவிட்டால் இருக்காது. மழை தொடர்ந்து பொய்த்த ஒரு சமயத்தில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வந்து, பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தார். நான் அப்போது கைக்குழந்தை. அதனால் தென்னேரி என் நினைவில் இல்லை. நான் அறிந்த தென்னேரி முழுவதும் அண்ணன் சொல்லக் கேட்டதுதான்.

நெசவு எங்கள் குடும்பத் தொழில் அல்ல. ஆனால் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடியது. அண்ணனும் ஒரு தறியில் கூலிக்கு உட்கார்ந்து, பிறகு தனியாக ஒரு சேலையை நெய்து இறக்கும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்தத் தறிதான் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது. எனக்குச் சிறு வயதிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனது உங்களுக்குத் தெரியும். அண்ணன் என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போவார். வாசலில் இறக்கி, ஊன்றுகோல்களைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். பார்த்தால் நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பக்கத்துத் தெருவில் பெண்களுக்காக நடந்த தையல் வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு நாள் டீச்சர் மிஷினில் எம்பிராய்டரி போட்டுக் காட்டினார். சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் துணியைக் கடித்து நேராக இழுத்துக்கொண்டு போகும். டீச்சர் அந்தப் பல்லை இறக்கினார். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் கழற்றினார். ஒரு மரவளையத்தில் துணியை இறுக்கி, ஊசிக்கு அடியில் வைத்து, இரண்டு கையாலும் வளையத்தை இஷ்டப்படி நகர்த்தினார். பேனா ஒரே இடத்தில் நிற்கக் காகிதம் நகர்ந்து படம் வருவது போல இருந்தது. ஒரு கொடி, ஒரு பூ, ஒரு கிளி வந்தன. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் நல்லவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இது வேணாம்மா. இதுக்குக் கால் நல்லா மிதிக்கணும். நான் கை ஊசில பூ போடச் சொல்லித் தரேன்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று மாலை தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு நான் பிசைந்துகொண்டே இருப்பதை அண்ணன் கவனித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு இன்னா வேணுமாம்?"

"கால் வேணுமாண்ணா."

"அவ்ளோதான? எங்கிட்ட ரெண்டு இருக்குது."

"பகல் பூரா தறிக்குழியில மிதிக்கிற காலுண்ணா அது."

"மிதிச்சி மிதிச்சி அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது. சும்மா உக்காந்தாலும் ஆடிக்கினேதான் இருக்குது. உங்கிட்ட வுட்டா ஒரு வேலயாவது செய்யும்."

யாரோ பயன்படுத்திய பழைய கால் மிஷின் ஒன்றை அவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். நான் மிஷினுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, வலது காலை நீட்டி மிதிபலகையில் வைத்தார். இப்படித்தான் ஒரு மிஷினில் இரண்டு பேர் தைக்க ஆரம்பித்தோம்.

எளிதாக வரவில்லை. என் கை முந்தினால் தையல் நீண்டு தளர்ந்தது. அவர் கால் முந்தினால் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் முடிச்சாகிவிட்டது. ஊசிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. அவர் உட்காரும் இடத்திலிருந்து துணி தெரியாது. அதனால் காதால் கற்றுக்கொண்டார். நூல் அடர்ந்த இடத்தில் ஊசி இறங்கினால் ஒரு சத்தம், வெறும் துணியில் இறங்கினால் வேறு சத்தம். வளைவு வந்தால் மட்டும் நான் "வளைவு" என்று சொல்வேன். கால் மெதுவாகும். வளைவு முடிந்ததை நான் சொல்லவே வேண்டாம். கால் தானாக வேகம் எடுக்கும். கடைசிவரை எங்களுக்குள் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

நூலுக்காக நாங்கள் கடைக்குப் போனதில்லை. தறியில் ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சியின் அடியில் மிஞ்சும் பட்டு நூல் துண்டுகளைத் தறி முதலாளியிடம் கேட்டு அண்ணன் கொண்டுவருவார். அவற்றை முடிச்சுப் போட்டு நீளமாக்கினோம். அந்த நூல் தடிமன், ஊசிக் காதில் நுழையாது. அதனால் அதைக் கீழே பாபினில் சுற்றினோம், மேலே சாதா நூலைப் போட்டோம். அப்படித் தைத்தால் பட்டு துணிக்கு அடியில்தான் விழும். ஆகவே துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து, பின்பக்கத்தைப் பார்த்தபடியே தைத்தோம். நேர்ப்பக்கம் எப்படி வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நூல் அறுந்திருக்கிறதா என்று அடியில் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

நடுவில் திருப்பிப் பார்க்க அண்ணன் விடமாட்டார். "சேலய அறுத்து எறக்கினப்புறந்தான் அது சேல. தறியில இருக்கச் சொல்லவே எட்டி எட்டிப் பாத்தா கண்ணு பட்டுடும்" என்பார். அதனால் தைத்து முடித்த பகுதியை நேர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டிக்கொண்டே போவோம். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு மூலையை அவர் பிடிப்பார், இரண்டு மூலையை நான் பிடிப்பேன். சேர்ந்து திருப்புவோம். அந்த நேரத்தில் அண்ணி அடுப்படியிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். அண்ணி பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து மருமகளாக வந்தவர். "அண்ணனும் தங்கச்சியும் மிஷினாண்ட உக்காந்துட்டா வூட்ல பூகம்பம் வந்தாக்கூட தெரியாது" என்று கேலி செய்வார். ஆனால் ஒரு தடவைகூட அவர் வராமல் நாங்கள் திருப்பியதில்லை.

பின்பக்கமாகத் தைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இடம் வலமாகிவிடும். இதை நாங்கள் கற்றுக்கொண்டது எதிர்வீட்டு சரோஜா அக்காவுக்கு வாசல் நிலைமேல் மாட்ட ஒரு பிள்ளையார் தைத்துக் கொடுத்தபோதுதான். நான் வழக்கமான பிள்ளையாரைத்தான் வரைந்தேன். திருப்பியதும் தும்பிக்கை மறுபக்கம் வளைந்து வலம்புரிப் பிள்ளையாராக இருந்தார். சரோஜா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, உடனே கலங்கிப்போய் நின்றார்.

"வலம்புரியாப்பா? இவரு ரொம்ப ஆசாரம் பாப்பாருன்னு சொல்வாங்களே. எங்க வூட்ல வாரத்துல பாதி நாள் கருவாட்டுக் கொழம்பாச்சே."

அண்ணன் யோசிக்கவே இல்லை. "கொழம்பு வெக்கிற அன்னிக்கு திருப்பி மாட்டிடுக்கா. இடம்புரி ஆயிடுவாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

சரோஜா அக்கா உண்மையிலேயே அப்படிச் செய்தார். பிள்ளையார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை வைத்து அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமையல் என்று தெருவே சொல்லிவிடும்.

எங்கள் வேலையைப் பார்த்த முதலாளி, ரவிக்கைகளுக்குப் போட்டுக் கொடுத்தால் நல்ல கூலி தருவதாக ஒரு முறை சொன்னார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "அது எங்க வெளயாட்டு மொதலாளி. அதுக்கும் கூலி வாங்கிட்டா அப்புறம் எதத்தான் சும்மா செய்யறது" என்றார். எங்கள் துணிகள் சொந்தக்காரர்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம்.

அண்ணன் யாரையும் கடிந்து பேசியதில்லை. தேவியைப் படிக்கவைத்து, வாலாஜாபாத்தில் நல்ல இடத்தில் திருமணம் செய்து கொடுத்தார். எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார். அமையவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, யாரையும் எடுக்கவும் விடவில்லை. விசேஷ வீடுகளில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், எங்கே பேசிக்கொண்டிருந்தாலும் பந்தி போடும்போது இலைக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட வந்துவிடுவார்.

பிற்காலத்தில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வலது பாதத்தில் பட்ட காயம் ஆறவில்லை. விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. தறிக்குழியில் இறங்கி ஏற முடியாமல் தறியை விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்சம் தேறியதும் ஒரு மாலை அவர் முக்காலியைத் தூக்கி மிஷினின் அந்தப் பக்கத்தில் போடுவதைப் பார்த்தேன். அவரே சொன்னார்.

"இடது கால் இத்தினி நாளா சும்மா ஒக்காந்து சாப்டுக்கினு இருந்துச்சி. இப்ப அது வேல செய்யட்டும்."

இடது கால் முதலில் தடுமாறியது. பிறகு பழகிக்கொண்டது. அப்போதுதான் இந்தத் திரையை ஆரம்பித்தோம். நடு அறை வாசலை முழுதாக மறைக்கும் பெரிய துணி. அதில் தென்னேரி ஏரியைத் தைக்க வேண்டும் என்றார். எனக்கு நினைவில்லாத ஊர் என்பதால் அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் வரைந்தேன். கரை எங்கே வளையும், பனைமரங்கள் எப்படிக் கூட்டமாக நிற்கும், மதகு எந்தப் பக்கம், நாரைகள் எங்கே இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எல்லாவற்றையும் நான் இடம் வலம் மாற்றிப் போட வேண்டும். "பிள்ளையாருக்கு ஆன கதை ஏரிக்கு ஆவக் கூடாது" என்று அடிக்கடி நினைவூட்டுவார்.

கரை முடிந்தது, மரங்கள் முடிந்தன, பறவைகளும் முடிந்தன. தண்ணீரைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். தண்ணீர் என்பது நெருக்கமாக ஓடும் நீளக் கோடுகள். கால் ஒரே சீராக மிதித்தால்தான் அது அசையாமல் கிடக்கும். பனைமரங்களுக்கு நேர்வரை தண்ணீர் வந்திருந்தபோது அண்ணனுக்கு மூச்சுத் திணறல் வந்து மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஒரு மதியம் அவர் நல்ல தெளிவோடு இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"தண்ணி எதுவரிக்கும் வந்துக்குது?"

"பனமரத்துக்கு நேரா நிக்குதுண்ணா."

"நீ இங்க உக்காந்துக்கினு இருந்தா அது அங்கியேதான் நிக்கும்." பிறகு, "மதகாண்ட வந்தா சொல்லு. அங்க மெதுவா மிதிக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு திரையைப் பற்றி அவர் பேசவில்லை. இரண்டொரு நாளில் அமைதியாகக் கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் புறப்பட்டார்கள். தேவிக்கு அப்போது கைக்குழந்தை. அண்ணி உடன் போக வேண்டியதாயிற்று. என்னையும் வரச் சொன்னார்கள். நான்தான் போகவில்லை. ஊன்றுகோலோடு நான் பழகிய வீடு இது ஒன்றுதான் என்று காரணம் சொன்னேன். திரை பாதியில் நிற்கிறது என்ற காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஆளில்லாத வீட்டில் முக்காலி சுவரோரம் அப்படியே இருந்தது. தெருவில் மற்ற வீடுகளில் தறி ஓடும் சத்தம் முன்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது அது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் என்று சொல்வது போல இருந்தது. நான் பேசி நாளாகிவிட்டது என்பதே, அண்ணி போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்கும்போது என் குரல் கம்மி வருவதில்தான் தெரியும். திரை மிஷினில் சுருட்டியபடியே கிடந்தது. அதைத் தொடவும் முடியவில்லை, எடுத்து வைக்கவும் முடியவில்லை. பாதியில் விட்டால் அண்ணன் கடைசியாக மிதித்ததும் வெறும் துணியாகிவிடும் என்று பயந்தேன். முடிப்பதற்கோ எனக்குக் கால் இல்லை.

தேவி இதைப் புரிந்துகொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கோடு வந்து மிஷினில் மோட்டார் பொருத்தினாள். காலால் அழுத்தும் கட்டையை என் முழங்கைக்கு எட்டும்படி மேசைமேல் வைத்தாள்.

"இத லேசா அழுத்துனா போதும் அத்த. தானா ஓடும்."

அழுத்தினேன். ஊசி பறந்தது. முழங்கையை எடுத்தால் நின்றது, வைத்தால் மறுபடி பறந்தது.

"கொஞ்சம் மெதுவா போவச் சொல்லும்மா."

"மோட்டாராண்ட எப்டி அத்த சொல்றது? போவப் போவ உனக்கே பழகிடும்."

அவள் போன பிறகு பழகிப் பார்த்தேன். தண்ணீர்க் கோடு ஒரு நாரையின் காலருகே திரும்பும்போது என்னையறியாமல் "வளைவு" என்று சொல்லிவிட்டேன். மோட்டார் அதே வேகத்தில் ஓடியது. ஊசி ஒடிந்து துணியில் நின்றுவிட்டது. அன்று முழுவதும் மிஷின் பக்கம் நான் போகவில்லை. தேவி வருத்தப்படக் கூடாது. தலையணை உறைக்கு ஓரம் அடிக்க அந்த மோட்டார் இப்போதும் மிகவும் உதவியாக இருக்கிறது.

பிறகு ஒரு காலையில் மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். வலது கையால் மிஷினின் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு சுற்றுக்கு ஒரு தையல் விழுந்தது. இடது கையால் வளையத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி ஒரு சுற்று. இரண்டு கை பிடிக்க வேண்டிய வளையம் ஒற்றைக் கைக்கு அடங்காமல் ஆடியது. தையல்கள் சிறிதும் பெரிதுமாக விழுவது பின்பக்கத்திலேயே தெரிந்தது. அண்ணன் மிதித்து ஒரு மாலையில் ஓடிய தண்ணீர் எனக்கு ஒரு மாதத்தில் ஓடியது. பட்டு தீர்ந்தபோது முதலாளியே நூல் துண்டுகளை ஒரு பையில் போட்டு அனுப்பினார். "உங்க அண்ணன் கேட்டா குடுப்பன்ல, அதான்" என்று மட்டும் சொல்லியனுப்பினார். மதகருகே வந்தபோது "அண்ணா, மதகு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு, இருந்த வேகத்தையும் குறைத்துச் சுற்றினேன்.

முடிந்தது. துணியைக் கழற்றி, நேர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படியே சுருட்டி வைத்துவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன். நானாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் முறை.

"அண்ணி, திரைய முடிச்சிட்டேன்."

பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

"திருப்பிப் பாத்துட்டியா?"

"இல்ல அண்ணி."

"பாக்காத. அப்டியே வெய்யி. அவரு பக்கத்த நான் வந்து புடிக்கிறேன்."

அண்ணனுடைய கடைசி நாட்களில் எத்தனையோ பேர் துணை நின்றீர்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வாசலில் நின்ற தெருத் தம்பிகளையும், அண்ணனின் புண்ணுக்கு முகம் சுளிக்காமல் கட்டுப் போட்ட நர்சம்மாவையும் நாங்கள் மறக்க மாட்டோம். தறியை நிறுத்திவிட்டு வந்து அவரைத் தோளில் சுமந்து போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சரோஜா அக்கா சாப்பாடு அனுப்பினார். அந்த நாட்களில் அவர் வீட்டுப் பிள்ளையார் வலம்புரியாகவே இருந்தார். நான் கவனித்தேன். வாலாஜாபாத் மாப்பிள்ளை ஒரு மகனைப் போல எல்லாக் காரியங்களையும் செய்தார். உங்கள் எல்லோரிடமும் நேரில் சொல்லாமல் விட்ட நன்றியை இங்கே எழுதுகிறேன்.

ஆண்டுப் படையலன்று மறைந்தவர் படத்தின் முன் புதுத் துணி வைப்பது நம் வழக்கம். அண்ணனுக்குக் கடையில் எடுக்கவில்லை. விளக்கேற்றும் முன் இந்தத் திரையை உங்கள் எல்லோர் எதிரிலும் நடு அறையில் விரிப்போம். எப்படி வந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது. இடம் வலம் சரியாக இருந்தால், திருப்பியதும் பனைமரங்கள் உங்கள் வலக்கைப் பக்கம் வரும். அவற்றுக்கு நேரே தண்ணீரைப் பாருங்கள். ஓர் இடத்தில் தையல் மாறும். அதுவரை அசையாமல் கிடக்கும் தண்ணீர் அண்ணன் மிதித்தது. அதற்கு அப்பால் காற்றடித்தது போல இருந்தால் அது என் பக்கம். யாராவது கேட்டால் அந்த இடத்தை நானே காட்டுகிறேன்.

அண்ணி இரண்டு மூலைகளைப் பிடித்திருப்பார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து மற்ற இரண்டையும் நான் பிடித்திருப்பேன். அன்றைக்கு உள் அறைக்குப் போகமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கை வசந்தா
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்